வாயில் இருக்க வேண்டியது

டம்ளர் காலியாக இருந்தது. தண்ணீர் இல்லை. அதற்குள் கிடந்த ரிட்டெய்னரும் இல்லை.

லோகநாயகி அடுப்படியைப் புரட்டிப் போட்டாள். பூனையா? காக்கையா? பல்வரிசையை அச்செடுத்து வார்த்த, கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை அது. யார் எடுத்துத் தின்னப் போகிறார்கள்? பல்லில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிய அன்று பொன்னேரி பல் டாக்டரம்மா பிலோமினா அதைக் கையில் கொடுத்து எச்சரித்திருந்தார். "கிளிப்பு பல்ல நேராக்கிடுச்சு. அத அங்கயே பிடிச்சு வைக்கிறது இதுதான். சாப்பிடும்போது மட்டும் கழட்டுங்க. விட்டீங்கன்னா பல்லு பழைய எடத்துக்கே போயிடும்."

பழைய இடம் என்றால் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்ற இரண்டு முன்பற்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தேங்காய்த் துருவி. கல்யாணப் படத்தில் எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் யார்மேலோ கோபம்போல வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலை செய்யும் புருஷன் தேசப்பன் பங்குனியில் வந்ததும் பக்கத்தில் நின்று இன்னொரு படம் எடுக்க வேண்டும். பல் தெரிய. இத்தனை நாள் வலியைப் பொறுத்ததே அதற்காகத்தான்.

வாசலுக்கு ஓடினாள். லைட்ஹவுஸ் குப்பத்து மத்தியான வெயிலில் கண் கூசியது. மாமியார் இருசம்மாள் தகரத்தின் மேல் பரப்பிய நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நெத்திலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அதிகமாக மினுங்கியது.

"அத்த, இத ஏன் இங்க வச்சே?"

"தண்ணிலயே ஊறிக் கெடந்துச்சு மே. வலையா இருந்தா இந்நேரம் இத்துப் போயிருக்கும். காயட்டுமேன்னு போட்டேன்."

நல்லதென்றுதான் செய்திருக்கிறாள். நனைந்த எதையும் வெயிலில் விரித்துவிட்டுத்தான் இந்த ஊரில் அடுத்த வேலை.

எடுத்தாள். விரல் சுட்டது. கழுவி வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. இன்னும் அழுத்தினாள். முன்பல்லில் வலி ஏறியதே தவிர உறை இறங்கவில்லை.

"வெயில்ல வைக்கக் கூடாதுத்த. கோணிக்கிச்சு பாரு."

"எனக்கின்னா தெரியும்? அது உன் வாயில இருந்தத வுட டம்ளர்ல கெடந்ததுதான் ஜாஸ்தி."

குத்திக்காட்டும் குரல் இல்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ரிட்டெய்னரோடு பேசினால் 'ச' எல்லாம் வழுக்கும். முதல் தடவை அப்படிப் பேசியபோது தேசப்பன் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மே, வாயில கருவாடு அடக்கிக்கினு பேசுறியா?" கூட இருந்தவர்களும் சிரித்தது கேட்டது. அதன்பிறகு அவன் கூப்பிடும்போது அவள் வாயில் அது இருந்ததில்லை. ஆனால் போட் எப்போது கரைக்கு வரும், எப்போது கூப்பிடுவான் என்று யாருக்குத் தெரியும்? கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். காலையில் காத்திருந்தாள், சாயங்காலமும் காத்திருந்தாள். ஃபோன் சும்மாவே கிடந்த நாட்களில் பற்களும் சும்மா இருக்கவில்லை என்பது இப்போது உறைத்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "இன்னைக்கே வந்துடுங்க. புது அச்சு எடுக்கணும். தள்ளிப்போட்டா மறுபடியும் கிளிப்புதான்."

பாலம் தாண்டி, பஜாரில் பஸ் ஏறினாள். டச்சுக்காரர் கல்லறை பின்னால் போனது. நாக்கால் முன்பற்களைத் தடவிப் பார்த்தாள். ஒன்று லேசாக முன்னால் வந்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம். கட்டைவிரலை அதன்மேல் வைத்து உள்பக்கமாக அழுத்தினாள். பொன்னேரிவரை இப்படியே போய்விடலாம்.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. தேசப்பன்.

பேச வேண்டுமென்றால் விரலை எடுக்க வேண்டும். பேசாவிட்டால் மறுபடி அவன் எப்போது கரைக்கு வருவானோ.

"போன் அடிக்குது பாரும்மா," என்றாள் பக்கத்தில் மீன்கூடையோடு இருந்தவள்.

லோகநாயகி தலையை மட்டும் ஆட்டினாள். திரையில் அவன் முகம் ஒளிர்ந்து, அணைந்து, மறுபடி ஒளிர்ந்தது. அழுத்திய அழுத்தத்தில் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.