மூச்சை விட்டுக்கொண்டே வெட்டிய சட்டை

என் நாத்தனார் மாடியில் மூச்சு வகுப்பு நடத்துகிறாள். கீழே என் தையல் கடை. "பொறந்ததுலேர்ந்து ஓசியில விட்டுட்டு இருக்குற மூச்சுக்கு இவகிட்ட ஃபீஸ் கட்டணுமாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். இன்று அதே வாயால் அவளை வாயார வாழ்த்துகிறேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. போதாத காலம், ஒருவர் சட்டைக்குக் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர், "என் கை பின்னாடி பாக்குதேம்மா" என்றார். ஆபரேஷன் செய்யாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனால் மாத்திரை போட்டு, வீட்டில் அளந்தால் சாதுவாக இருக்கிற என் பிரஷர், ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைச் சுற்றியதும் பேயாட்டம் ஆடியது. "இவ்வளவு ஏறினா கத்தி வைக்க முடியாது" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் மாடி ஏறினேன். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவசரமே கூடாது என்றாள். செய்தால் சுகமாகத்தான் இருந்தது. அந்தத் தெம்பில் அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுபடியும் எகிறியது, மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள்.

"உன் மூச்செல்லாம் மாடியிலதான் வேலை செய்யுது. படி இறங்கினா பல்லிளிக்குது" என்று அவள்மேல் பாய்ந்தேன். பதிலுக்குப் பாயாமல் கடைக்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் துணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கத்தரி வச்சதும் மூச்ச நிறுத்திடுறீங்க."

"பின்ன? மூச்சு விட்டா கை ஆடும். தையல்காரிங்க எல்லாம் அப்படித்தான்."

"பட்டைய சுத்தும்போதும் அப்படியேதான் நிறுத்துனீங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக, தப்பாகிவிடுமோ என்று பயந்த இடத்திலெல்லாம் மூச்சைப் பிடித்திருக்கிறேன். சரி, மூச்சை விட்டுக்கொண்டே வெட்டிப் பழகலாம் என்று துண்டுத் துணிகளை எடுத்தேன். கத்தரி வெண்ணெயில் போவது போல் போனது. துண்டுத் துணிக்கு யார் பயப்படுவார்கள்?

மறுநாள் அவள் மாடியிலிருந்து ஒரு நீல சாட்டின் துணியைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். தைக்கக் கொடுக்க மனசு வராமல் அவள் பெட்டியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த துணி. சாட்டினோ, கத்தரியைக் கண்டாலே நழுவுகிற ஜாதி.

"வேணாம்டி, கோணிக்கும்."

"கோணட்டும் அண்ணி. மூச்சு நிக்காம இருந்தா போதும்."

முதல் வெட்டிலேயே மூச்சைப் பிடித்துவிட்டேன். அவள் பக்கத்தில் நின்று மெதுவாக மூச்சு விட்டாள், நானும் கூடவே விட்டேன். கைக்கான துணியை வெட்டும்போது, காதுவரை ஏறியிருந்த என் தோள் தானாக இறங்கிவிட்டது. சட்டையாகத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, "அருமையா இருக்கு அண்ணி, அளவெடுத்த மாதிரி" என்றாள். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீல மூட்டம். நம்பிவிட்டேன்.

அந்தச் சட்டையோடுதான் தினமும் வகுப்பெடுத்தாள், ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். நர்ஸ் பட்டையைச் சுற்றியதும் மூச்சு நிற்கப் பார்த்தது. பக்கத்திலிருந்த நீலத்தைப் பார்த்தபடி, சாட்டினை வெட்டுகிற நினைப்பில் நீளமாக விட்டேன். நர்ஸ் இரண்டாம் தடவையும் அளந்தார்.

"இன்னிக்கு நல்லா இருக்கும்மா. உள்ள வாங்க."

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது எதிரில் நின்றது நாத்தனார்தான். கண் கூசி, நீர் வடிந்து, மெல்லத் தெளிந்தது. நான் முதலில் பார்த்தது அந்தச் சட்டையின் கழுத்தை. ஒரு பக்கம் காதைத் தொடப் போகிறது, மறுபக்கம் தோளிலிருந்து வழிகிறது. கத்துக்குட்டிகூட அப்படி வெட்டமாட்டாள்.

"அடிப்பாவி! இத போட்டுக்கிட்டா இத்தன நாளா வகுப்பெடுத்த?"

"ஆமா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. புது ஃபேஷன்னு நினைச்சிருப்பாங்க."

அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். "கண்ண தொடக் கூடாது" என்று நர்ஸ் அதட்டியதால் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். இந்த ஜென்மத்துக்கு நான் பட்ட கடன் இது ஒன்று போதும்.

"வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடு, பிரிச்சு நேராக்கித் தரேன்" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கத்தரியோட கிட்ட வந்தீங்கன்னா பாருங்க. இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு அண்ணி. அதுக்கும் இதத்தான் போட்டுக்கிட்டு வருவேன்."