கன்னியம்மாவின் காணி

துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிய அப்பாவுவை அவன் மகள் மலர்க்கொடி சந்து முனையிலேயே பிடித்துக்கொண்டாள். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை.

“நைனா, அரிசி எங்கேந்து வருது? நீயே சொல்லு.”

“இன்னாத்துக்கு?”

“டீச்சர் கேட்டாங்க. கப்பல்லேந்து வருது, எங்க நைனாதான் எறக்குறாருன்னேன். எல்லாம் சிரிச்சுதுங்க. அந்த மஜீது கீறானே, மண்டிக்காரர் புள்ள, அவன் சொல்றான், அரிசி எங்க வாப்பா மண்டிலதான் கீதுன்னு. நான் வுடல.”

அப்பாவு சிரித்துவிட்டான். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது. ராயபுரத்தில் கல்மண்டபத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் தின்ற சோற்றில் பாதிக்கு மேல் அப்பனுடைய முதுகில் ஏறி இறங்கியதுதான். நெற்கதிர் என்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்டிராததற்குக் காரணம் தான்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பொன்னேரிக்கு அப்பால் ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்ட படியாளாகப் பிறந்தவன் அப்பாவு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மாடு, பிறகு ஏர், பிறகு நாற்று. மீசை அரும்பிய வருஷம், ஒருநாள் விடியலில், ஈரக் கோவணத்தோடு ரயில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து பட்டணம் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. கட்டிய பெண்ணும் வியாசர்பாடிக்காரி. வீட்டில் வயல் என்ற பேச்சே எழாமல் பார்த்துக்கொண்டான்.

“அப்பறம் டீச்சர் இன்னா சொன்னாங்க?”

“சனிக்கிழம எல்லாரையும் மணலிக்குக் கூட்டிக்கினு போய் நெலத்தக் காட்டறாங்களாம். கூட ஒரு பெரியவங்க வரணுமாம். உன் பேரக் குடுத்துட்டேன்.”

“என்னக் கேக்காமயா?”

அடுப்படியிலிருந்து அவன் மனைவி அங்கம்மா குரல் கொடுத்தாள். “சனிக்கிழம கப்பலு இல்லன்னு நீதான சொன்ன? வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? போய்ட்டு வா.”

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள் என்று அவனுக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ராயபுரம் மார்க்கெட்டு வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றிருந்தன. விடியுமுன் மணலியிலிருந்து கீரையும் கத்திரிக்காயும் ஏற்றி வந்து, சரக்கைப் போட்டுவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டிகள். முன் வண்டியை ஓட்டியவன் வரதன். அவன் மனைவி கன்னியம்மாவிடம்தான் தேவப்பிரியம் டீச்சர் வழக்கமாகக் கீரை வாங்குவார். அந்தப் பழக்கத்தில் கேட்டு ஏற்பாடு செய்திருந்தார்.

அப்பாவு தன்னிடமிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, புதுச் செருப்பும் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். வரப்பில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். சேற்றில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

டீச்சர் குடையை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். “எனக்கும் இதுதான் முதல் தடவை, அப்பாவு” என்று தணிந்த குரலில் சொன்னார். “பாம்பு இருக்குமா?”

“தண்ணிப் பாம்பு கீது டீச்சரம்மா. ஒண்ணும் பண்ணாது.”

“இருக்கிறதா!” என்று அவர் காலை மேலே இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

திருவொற்றியூர் ரோட்டைவிட்டு மேற்கே திரும்பி, விறகுப் படகுகள் போய்க்கொண்டிருந்த கால்வாயின் பாலத்தைத் தாண்டியதும் காற்று மாறியது. கடல் காற்றின் உப்பு போய், உழுது நீர் கட்டிய மண்ணின் வாடை வந்தது. பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். அப்பாவு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கன்னியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். நடவுக்கு ஆயத்தமாகச் சேறு அடித்த நிலம் வெயிலில் பளபளத்தது. ஒரு மூலையில் நாற்றங்கால் பச்சைப் பசேலென்று இருந்தது. அப்பாவு இறங்கியதும் நாலு பக்கமும் பார்த்தான்.

“ஆண்ட எங்கம்மா? நெலத்துக்காரரு கையில ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான புள்ளைங்கள எறக்கணும்?”

“இன்னாண்ணே, நான் கண்ணுக்குத் தெரியலியா?” என்றாள் கன்னியம்மா. “நான்தான்.”

அவன் விழித்தான். வரதன் மாட்டை அவிழ்த்தபடியே விளக்கினான். சில வருஷங்களுக்கு முன் சர்க்காரில் லேபர் டிபார்ட்மெண்டுக்காரர்கள் வந்து தரிசை அளந்து சேரி ஜனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்களாம். இவர்கள் பங்குக்கு வந்தது ஒரு காணி, முழுக்கக் கருவேல முள். முள்ளை வெட்டி, வேரைப் பிடுங்கி, மேடு பள்ளம் நிரவி நிலமாக்கவே இரண்டு வருஷம் ஆயிற்றாம். பட்டா கன்னியம்மா பெயரில்.

அப்பாவு அந்த நிலத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தான். இந்தத் தடவை நிதானமாக.

இதற்குள் மஜீது நாற்றங்கால் பக்கம் ஓடிவிட்டான். “டீச்சர், இங்க அரிசியே இல்ல! வெறும் புல்லு!”

கன்னியம்மா ஒரு நாற்றைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி அவன் கையில் கொடுத்தாள். “அடில பாரு.” வேருக்கு மேலே காலி நெல்லுமி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மஜீது அதை நகத்தால் நெருடிப் பார்த்தான். கையிலிருந்து கைக்கு அந்த நாற்று எல்லோரையும் சுற்றி வந்து மலர்க்கொடியிடம் சேர்ந்தது.

“அப்ப கப்பல்ல வர்றது?” என்று கேட்டாள், குரல் இறங்கி.

“ரங்கூனிலும் யாராவது சேற்றில் நின்று நட்டால்தான் கப்பல் ஏறும்” என்றார் டீச்சர். “நீ சொன்னது தப்பில்லை. பாதி வழியிலிருந்து சொன்னாய்.”

மலர்க்கொடிக்கு அது போதுமாயிருந்தது. மஜீதைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

கன்னியம்மா ஓரமாக ஒரு சின்னப் பாத்தியைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிஜாரை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கின. “ஐய, ஒரே கலீஜ்!” என்று கத்திய மஜீதுதான் அதற்குப் பிறகு கரையேறவே மாட்டேன் என்றான். ஒரு நண்டு யாருடைய கட்டைவிரலையோ கவ்வியது. டீச்சர் குடையை எறிந்துவிட்டு ஓடினார். பாம்பு ஞாபகமே அவருக்கு இல்லை.

அப்பாவு வரப்பிலேயே நின்றான். செருப்புப் போட்ட காலோடு வரப்பில் நிற்பது அவனுக்குப் புதுசாக இருந்தது. பண்ணையில் அது நடக்காத காரியம்.

அப்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு. அவரைக் கண்டதும் அப்பாவுவின் கை தானாகப் போய்த் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. கால் செருப்பைக் கழற்றியது. உடம்பு ஒருக்களித்து வளைந்து வழிவிட்டது. எல்லாம் அவன் நினைப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டது.

அவரோ அவனைக் கவனிக்கவே இல்லை. “இன்னா கன்னியம்மா, நாளைக்கு மடைத் தண்ணி எனக்குத்தானே?”

“பொழுது சாயற வரைக்கும் எனக்கு. அப்பறம் உங்களுக்கு. போன வாரமே பேசினதாச்சே?”

“சரி சரி, பேசினதுதான்.” குடை போய்விட்டது.

“நைனா,” சேற்றிலிருந்து மலர்க்கொடி கூப்பிட்டாள். “அவர் உனக்குத் தெரிஞ்சவரா?”

“இல்ல.”

“அப்பறம் ஏன் துண்ட எடுத்த? செருப்ப ஏன் கழட்டின?”

பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. கன்னியம்மாவும் பார்த்தாள், அவளுக்குக் கேட்கவே தேவையில்லை. வேறு நாளாயிருந்தால் அதட்டி வாயை அடைத்திருப்பான். அன்றைக்கு ஏனோ வரவில்லை. வரப்பில் உட்கார்ந்தான்.

“பழக்கம் கண்ணு. நான் உன்னாட்டம் இருக்க சொல்ல இதே வேலதான் செஞ்சேன். பண்ணையில. நட்டது நாங்க, அறுத்தது நாங்க, அடிச்சுத் தூத்தனது நாங்க. நெல்லு ஆண்ட வூட்டுக்குப் போயிடும். களத்துல அடியில தங்கற பதரும் மண்ணும் எங்களுக்கு.”

“அப்ப நீங்க இன்னா துன்னீங்க?” என்று கேட்டான் மஜீது.

“கூழு. அதுவும் இருந்தா.”

“நீதான நட்ட?” மலர்க்கொடிக்குக் கணக்கு இடித்தது. “அப்பறம் எப்படி அவருதாச்சு?”

“நெலம் அவருது.”

அவள் யோசித்தாள். கையிலிருந்த நாற்றுமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினாள். “அத்த, இது?”

“இது எனுது” என்றாள் கன்னியம்மா. “வெளைஞ்சாலும் எனுது, காஞ்சாலும் எனுது.”

அதைச் சொன்ன தோரணையில் அப்பாவுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர், “இன்னும் சொல்லுங்கள் அப்பாவு, பிள்ளைகள் கேட்கட்டும்” என்றார். சொன்னான். விடியலில் ஆண்டை வீட்டார் தாரைக் கொம்பு ஊதி வேலைக்கு எழுப்புவது, நடவில் அம்மா பாடியது, தான் ரயில் ரோட்டில் நடந்தது எல்லாம் சொன்னான். பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் பாதி ரயிலைப் பற்றி.

பேசிக்கொண்டே இருந்தவன் கண் பாத்தியின் மேல் போயிற்று. நாற்று ஒன்று கிழக்கே சாய்ந்தது, ஒன்று மேற்கே, இரண்டு மிதந்துகொண்டிருந்தன. சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான். சேறு கணுக்காலை, பிறகு ஆடுசதையைக் குளிர்ச்சியாகக் கவ்வியது. குனிந்தான். கை மறக்கவில்லை. இடக்கையில் நாற்றுமுடி, வலக்கையில் நாலு நாற்று, ஒரு அமுக்கு, ஒரு அடி பின்னால்.

“நைனா! எம்மா வேகம்!” என்று கூவினாள் மலர்க்கொடி. பிள்ளைகள் அவனுக்கு இரு பக்கமும் வரிசை கட்டிப் போட்டி போட்டன. ஒருவரும் ஜெயிக்கவில்லை. பாத்தி முடிந்த பிறகும் அவன் நிறுத்தாமல் பெரிய நிலத்தில் கன்னியம்மாவோடு சேர்ந்து நட்டுக்கொண்டே போனான். சேற்றின் மேல் தனக்குக் கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். சேறு பாவம், என்ன செய்தது?

“அண்ணே, கூலி கேப்பியா?” என்றாள் கன்னியம்மா.

“கூலி வாணாம். சோறு போடு.”

வேப்ப மரத்தடியில் எல்லோருக்கும் சோறும் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. மஜீது சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துப் பார்த்துத் தின்றான்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை. முன்பெல்லாம் மழை என்றால் மலர்க்கொடிக்கு அப்பன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாள், அவ்வளவுதான். இப்போது கூரையில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, “நம்ம நாத்து முழுகிடுமா நைனா?” என்றாள். மார்க்கெட்டில் கன்னியம்மாவைப் பார்த்தால் வகுப்பே கூடிக்கொண்டது. “தண்ணி வடிஞ்சிடுச்சா? பூச்சி வந்துச்சா?” கன்னியம்மா கீரைக்கட்டை விற்பதா, இவர்களுக்குப் பதில் சொல்வதா என்று திணறினாள். கார்த்திகையில் பால் பிடித்துவிட்டது என்று அவள் சொன்ன அன்று பள்ளிக்கூடத்தில் ஒரே கூச்சல்.

தை மாதம் அறுப்புக்கு மறுபடி வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை அங்கம்மாவும் வந்தாள். பிள்ளைகளின் பாத்தியை அப்பாவு அறுத்துக் கொடுக்க, அவர்களே கட்டிக் களத்துக்குச் சுமந்து வந்து அடித்தார்கள். குவியல் சின்னதுதான். ஆனால் அதைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் போட்ட சண்டை பெரிது.

“நட்டது நாங்க” என்றாள் மலர்க்கொடி. “அதனால எங்களுக்கு.”

“நெலம் அவங்களுது” என்றான் மஜீது. “தண்ணி வுட்டது, களை எடுத்தது எல்லாம் அவங்க.”

“அப்ப ஆளுக்குப் பாதி.”

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேரத்துக்கு நின்றாள். “பாதியா? எரு எவன் போட்டான்? எனக்கு முக்கா.”

“முக்காலாம் குடுக்க முடியாது அத்த!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். இழுபறி வெகுநேரம் நடந்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்றே முடிந்தது. வைக்கோல் முழுக்க மாட்டுக்கு என்று மஜீது ஒரு ஷரத்துச் சேர்த்தான். அதையும் ஒப்புக்கொண்டாள். மரக்காலால் அளந்தபோது பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தன.

“நைனா எங்க? அவருக்கும் பங்கு கீது” என்று மலர்க்கொடி தேடிக்கொண்டு போனாள்.

அப்பாவு வைக்கோல் போருக்குப் பின்னால் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டப்பகல். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலைமுடியில் வைக்கோல் சிக்கியிருந்தது. அவள் எழுப்பப் போனாள். பின்னாலேயே வந்த அங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தூங்கட்டும் வுடு. இங்க தாரை ஊதி யாரு கூப்பிடப் போறாங்க?”