பிரசவ வார்டின் இரும்புக் கம்பி

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியைக் கட்டிய துரைக்குக் கல் கிடைத்தது, சிமெண்டுக்கு மனசு வரவில்லை. எல்லாம் மண் சாந்து. எழுபத்தைந்தில் சின்னக்கானல் பக்கம் நிலம் லேசாக அதிர்ந்ததும் பிரசவ வார்டின் வெளிச்சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. தட்டிப் பார்த்த எஞ்சினியர், இன்னொரு முறை அதிர்ந்தால் சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே விழும் என்றார். வார்டின் குறுக்கே எதிரெதிர்ச் சுவர்களைத் துளைத்துத் தடித்த இரும்புக் கம்பியை ஓட்டி, வெளியே தகடு வைத்து நட்டுப் போட்டு இறுக்கச் சொன்னார். இறுக்கியவன் தேயிலை ஃபாக்டரி ஃபிட்டர் சின்னமுத்து.

அந்தக் கம்பிக்கு நேர் கீழேதான் அவன் பெண்டாட்டி மாரித்தாய் தலைப்பிரசவ வலியில் துடித்தாள். டாக்டர் மூணாறு போயிருந்தார். மழையில் பாதை சரிந்துவிட்டது. இருந்தது நர்ஸ் சந்தனமேரியாகிய நான்தான். பிரசவம் இழுத்தால் கட்டு, பூட்டு எல்லாவற்றையும் அவிழ்ப்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கம். மாமியார் சுருளியம்மாள் மருமகளின் கொண்டையை அவிழ்த்தாள், டிரங்குப் பெட்டியைத் திறந்தாள், என் மருந்து அலமாரியையும் விடவில்லை. நானும் சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தேன். பிறகு அவள் அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள்.

“வீட்டையே கட்டிப் போட்டிருக்கீக. பிள்ளை எப்படி வரும்?”

வாயை மூடு என்று திட்டினேன். அவள் விறுவிறுவென்று வெளியே மகனிடம் போனாள். அவன் முதலில் முடியாது என்றானாம். மாரித்தாயின் அலறல் கேட்டதும் ஒரு சுற்றுத் தளர்த்தியிருக்கிறான். அரைகுறையாக அவிழ்த்தால் ஆகாது என்று அவள் விடவில்லை. நட்டு முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

அதே நேரம் பார்த்துப் பிள்ளை பிறந்தது. தலை எப்போதோ தெரிந்துவிட்டது, ஆனால் நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

தொப்புள்கொடியைக் கட்டும்போதே சுவர் முனகியது. மண் உதிர்ந்தது. சுவர் வெளியே நகர்ந்ததில் கம்பியின் முனை துளைக்குள் போய்விட்டது. திரும்ப நட்டுப் போட அங்கே ஒன்றுமில்லை. அதே சுவரில்தான் வார்டின் ஒரே கதவும் இருந்தது. தள்ளினேன், அசையவில்லை. யாரோ கடப்பாரை கொண்டு வந்தார்கள்.

“கதவத் தொடாதீக,” என்றான் சின்னமுத்து. “இப்பச் செவத்தத் தாங்குறது அந்த நிலைதான்.”

மரம் வெட்டி முட்டுக் கொடுக்கும்வரை நாங்கள் உள்ளேதான். பிள்ளையை மட்டும் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். சுருளியம்மாள் வாங்கிக்கொண்டு, அவிழ்த்ததும் பிள்ளை வந்துவிட்டதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கிழவியை அறையலாம் போலிருந்தது. மாரித்தாய் அதைக் கேட்டுவிட்டு, தலைக்கு மேல் தொங்கிய கம்பியைப் பார்த்தாள். அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நான் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தேன். இந்த நேரத்தில் மலை ஒரு தடவை அசைந்தால் போதும், கூரை எங்கள் தலையில்தான்.

வெளியே சின்னமுத்து சுவரில் முதுகைக் கொடுத்து நின்று அழுதான். “நாந்தான் அவுத்தேன், மாரி.”

“தெரியும். செவத்துக்கிட்ட நிக்காதீக. தள்ளிப் போங்க.”

அவன் போகவில்லை. அழுகை அதே இடத்திலிருந்துதான் கேட்டது.

மாரித்தாய் என் கையைப் பிடித்தாள். “சிஸ்டர், அவர யாராச்சும் இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. பிள்ளைக்கு அவராவது வேணும்.”

அழுத்திய கையை எடுக்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி ஆட்களைக் கூப்பிட்டேன்.