பெயர் வெளியிட விரும்பாத பெண் ஊழியர்

பத்திரிகையில் ஏழு வருடம் குப்பை கொட்டிவிட்டு நாடகம் எழுத வந்தவளுக்கு ஒத்திகை அறையில் வைத்த பட்டப்பெயர் 'கூறப்படுகிறது'. அவளுடைய முதல் நாடகத்தில் காதலன்கூட அப்படித்தான் பேசினான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இது மூன்றாவது நாடகம். பாட்டும் அவளேதான். வீட்டை விட்டுப் போகும் மகளைப் பார்த்து அம்மா பாட வேண்டும். மெட்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் மண்டையை உடைத்தாள். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது, தன் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. எழுதினாள்: 'நீ வந்தா கதவு தொறந்திருக்கும்.'

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் இதை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்த?"

ஒளித்து வைக்கவில்லை. திருடியிருந்தாள். இது இரண்டாவது தடவை.

முதல் தடவை, தான் வேலை பார்த்த விடுதிச் சமையலறையின் அக்கிரமங்களை அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொல்ல, மகள் கேட்காமல் கொள்ளாமல் செய்தியாக்கினாள். 'பெயர் வெளியிட விரும்பாத பெண் ஊழியர் ஒருவர்' என்று எழுதினால் பாதுகாப்பு என்று நினைப்பு. அந்தச் சமையலறையில் இருந்ததே ஒரே ஒரு பெண். பெயரை மறைக்கச் சொல்லிக்கொடுத்த படிப்பு, தலையை எண்ணச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். விடுதி நடக்கிறது. வேலை போனது அம்மாவுக்கு மட்டும்தான். அந்த வீட்டின் முதல் பட்டதாரி, படிக்க வைத்தவளின் சோற்றிலேயே மண்ணைப் போட்டாள்.

அதற்குப் பிறகு மகள் வீட்டை விட்டுப் பெட்டியோடு கிளம்பியபோது வாசலில் அம்மா சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடமாக ஒற்றை அறையில் காலம் தள்ளுகிறாள்.

மத்தியானம் போன் செய்தாள்.

"அம்மா, நீ சொன்ன ஒண்ணைப் பாட்டுல எழுதியிருக்கேன். போடலாமா?"

"இப்ப மட்டும் எதுக்குக் கேக்கற?"

"அப்பவே கேட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

"என்ன சொன்னேனாம்?"

வரியைச் சொன்னாள்.

"நான் அப்படிச் சொல்லலடி."

"சொன்னம்மா. வாசல்ல நின்னுக்கிட்டு."

"வாசல்லதான். 'வந்தா கதவைத் தட்டிட்டு வா'ன்னேன். அவ்வளவு கோவம் எனக்கு."

அவள் தாளில் எழுதி வைத்திருந்த வரியைப் பார்த்தாள்.

"போடறதா இருந்தா சொன்னதைப் போடு. என்னை நல்லவளாக்காத." அம்மா வைத்துவிட்டாள்.

பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். பாழாய்ப்போன மெட்டு, இதற்கும் கச்சிதமாக இடம் கொடுத்தது.

"முதல்ல இருந்தது உருக்கிச்சு. இது அறையுதேம்மா," என்றார் இயக்குநர்.

"சொன்னவங்க சொன்னது இதுதான் சார்."

அம்மா வேடக்காரி பாடிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். "வரலையா?" என்று ஒருத்தர் கேட்டார். அம்மாவின் கதவைத் தட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அது வருகிறேன் என்பதா, இல்லை என்பதா, அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான்.