இடது கை வெல்டிங்

அந்தப் பட்டறையில் வெல்டிங் வைப்பது யார் என்று கேட்டால் தெருவே "மாஸ்டர்" என்று சொல்லும். மாஸ்டரின் சம்சாரம் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். வைப்பது அவள். ஏழு வருஷத்துக்கு முன்னால், இருந்த வெல்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மாஸ்டர் தானே வெல்டிங் டார்ச்சைப் பிடித்துப் பத்துக் குழாய்களை ஓட்டையாக்கினார். பதினோராவது குழாயை அவள் பிடித்தாள். அன்றிலிருந்து பின் அறை அவளுக்கு, முன்பக்கத்துப் பாராட்டெல்லாம் அவருக்கு.

மாஸ்டரை ஒரேயடியாகக் கரித்துக்கொட்டவும் முடியாது. துருவேறி ஒட்டிப்போன போல்ட்டை உடைக்காமல் கழற்றுவதில் மனுஷன் கெட்டிக்காரர். பட்டறைக்கு வந்த ஒரு வக்கீலின் காரில் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நிறையவே வேலை இருந்தது. வேகத்துக்கென்றே செய்த கார், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்புக் குழாயில் விரிசல், சைலன்சருக்குள் எல்லாம் உதிர்ந்து கடகடவென்று சத்தம். எல்லாவற்றையும் எடுத்தெறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகச் செய்யவேண்டும், பைப் மூன்று இன்ச் இருக்கவேண்டும் என்றார் வக்கீல்.

மாஸ்டர் நைசாகப் பின் அறைக்கு வந்து அவளைக் கேட்டார்.

"மூணு இன்ச் வேணாங்க," என்றாள். "பழைய இன்ஜின். அவ்வளவு அகலமா போட்டா மெதுவா போறப்ப இழுவை போயிடும். ரெண்டரை போதும்."

மாஸ்டர் முன்னால் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொன்னார். வக்கீல் அசந்துபோனார்.

நாலு நாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். இன்ஜினிலிருந்து வரும் நாலு குழாயும் ஒரு வாயில் வந்து சேரும் இடத்தில் விரல் நுழையவே இடமில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. மாஸ்டர் அவ்வப்போது எட்டிப் பார்த்து "ஆச்சா?" என்றார்.

ஐந்தாம் நாள் காலை வக்கீல் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் நின்று செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார்.

"என் ஃப்ரெண்டு ரேஸ் கார் பண்றாரு. இப்படி ஒரு கையத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டு இருக்காரு. ஆனா மாஸ்டர், இத நீங்க வைக்கல."

மாஸ்டர் சிரித்து மழுப்பினார்.

"வெல்டிங் எல்லாம் இடப்பக்கம் ஆரம்பிச்சு வலப்பக்கம் முடியுது. வலது கைக்காரங்க வச்சா அப்படியே மாறிப் போகும். வண்டிய எடுத்துக்கிட்டப்ப நீங்க ரசீதுல வலது கையாலதான் எழுதுனீங்க. யாரு வச்சது?"

பின் அறை வாசலில், முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு அவள் நின்றிருந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. மாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இவ தம்பிங்க," என்றார் மாஸ்டர். "இடது கைக்காரன். நேத்துதான் வெளிநாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிப் போனான்."

தானே செய்ததாக அவர் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள், பொறுத்துப் பழகியவள்தானே. பிறக்கவே பிறக்காத ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், அவளுக்குக் கொடுக்க மனசு வராமல்.

"எனக்குத் தம்பி கிடையாது," என்றாள். "வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு."

வக்கீல் அவள் நெற்றியிலிருந்த முகமூடியைப் பார்த்தார். டார்ச் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தார். புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை, வக்கீல் அல்லவா.

"நல்ல வேலைம்மா," என்றார். சட்டைப் பையிலிருந்து நண்பரின் விசிட்டிங் கார்டை எடுத்தார். எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"வீட்டுல கலந்து பேசுங்க மாஸ்டர். அனுப்புறதா இருந்தா நீங்களே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க."

அவள் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு வந்து, மாஸ்டரிடம் கையை நீட்டினாள். அவர் கார்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டார்.

"உள்ள போ, அடுத்த வேலை கெடக்குது."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வக்கீல் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல, லிஃப்டை இறக்கச் சொன்னார்.