எல்டனின் அரை மணி நேரம்

"கத்தரிக்கோல் இருந்தா குடுங்க" என்று ராஸ்கோ கேட்டபோது, சவப்பெட்டியின் மூடியில் கை வைத்திருந்த ஆள் எதற்கென்று புரியாமல் விழித்தார். அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்க நகரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து இரண்டே மாதமாகியிருந்த மனிதர் அவர்.

"எதுக்குங்க?"

"எங்க அண்ணன் எல்டனோட சட்டை வாலை வெட்டணும்."

அந்த மனிதர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய சட்டைத் துண்டும் ஏதோ ஒரு வேட்டைக் கேம்ப்பின் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் எந்த முகத்தோடு தடுப்பார்?

கேம்ப்பின் சட்டம் ரொம்பச் சுருக்கமானது. மானைச் சுட்டுத் தவற விட்டவன், அன்று சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சட்டையின் பின்பக்கத் தொங்கலை வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி, சுவரில் ஆணியடித்து விடுவார்கள். ராஸ்கோவின் துண்டுகள் ஒன்பது. எல்டனின் மருமகன் டுவெய்ன் ஐந்து வருஷத்தில் நாலு சட்டை கொடுத்திருக்கிறான். எல்டன் கிப்பியோ ஐம்பத்தோரு வருஷத்தில் ஒரு நூல்கூடக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டதும் இல்லை. திங்கட்கிழமை, மான் வேட்டை தொடங்கிய முதல் நாள் காலையில், மரத்தின் மேல் கட்டிய பரணிலிருந்து ஒரே ஒரு தடவை சுட்டார். அதற்குப் பிறகு மாரடைப்பில் போய்விட்டார். துப்பாக்கியில் ஒரு காலித் தோட்டா இருந்தது. மானைக் காணவில்லை.

"சுட்டான், மான் இல்லே. அப்போ தவறிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார் ராஸ்கோ. "சட்டம்னா செத்தவனுக்கும் சட்டந்தான்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எல்டனின் மனைவி லியோட்டா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. "வெட்டு ராஸ்கோ, நான் பிடிச்சுக்கறேன். இந்த மனுஷன் பெருமையை நாப்பத்தெட்டு வருஷமா நான்தானே கேட்டேன்."

"வெட்டாதே" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது ஓரின். கேம்ப்பில் எல்டனுக்கு அடுத்த படுக்கை அவருடையது. வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார். அதில் இரண்டு வானிலை பற்றியதாக இருக்கும்.

"ஏன்டா?" என்றார் ராஸ்கோ.

"இப்போ வேணாம். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் மண்ணுக்குள்ள இருப்பான்!"

கூடமே சிரித்தது. ஓரின் மட்டும் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரிடமிருந்து மேற்கொண்டு ஒரு வார்த்தை பெயர்க்க முடியாதென்று எல்லாருக்கும் தெரியும். எல்டனின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை முழுசாகவே பெட்டிக்குள் போயிற்று.

எல்டனின் மகள் நேடீனும் சிரித்தாள். அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு வழியனுப்புதல் என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவள் தூங்கவில்லை. தூங்காததற்குக் காரணம் சாவு அல்ல. எழுபத்து மூன்று வயசில், வேட்டையின் முதல் நாளில், தன் பரணுக்குக் கீழே போவதென்றால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருந்தாள். அவளை அரித்தது ஓர் அரை மணி நேரம்.

அன்று அவள் ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பரணில் இருந்தாள். ஓடைக்கு அப்பால், மேட்டில், அப்பா. ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவருடைய துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அந்தப் பழைய துப்பாக்கியின் சத்தத்தை ஆயிரத்தில் அடையாளம் காண்பாள். உடனே போகவில்லை. வெடி கேட்டால் அரை மணி நேரம் அசையக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அடிபட்ட மான் பக்கத்திலேயே எங்கேனும் படுத்துவிடும். உயிர் தானாக அடங்கும். அவசரப்பட்டு நெருங்கினால் எழுந்து அடுத்த மாவட்டத்துக்கு ஓடிப்போய் அங்கே கிடந்து சாகும். அது பாவம். ஆகவே அவள் காத்திருந்தாள். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தாள். இரண்டு பிஸ்கட் தின்றாள். என்ன மானோ, எவ்வளவு பெரிதோ, இன்று ராத்திரி இந்த மனுஷனைக் கேம்ப்பில் எப்படித் தாங்குவது என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். ஏழு முப்பத்தைந்துக்கு இறங்கி, ஓடையைச் சுற்றி, அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. அப்பா மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை இன்னும் சூடாக இருந்தது.

அந்தச் சூடுதான் அவளைத் தூங்க விடவில்லை. சுட்ட அதிர்ச்சியில் நெஞ்சு அடைத்து, எப்படியோ கீழே இறங்கி, நான் வருவேன் என்று அரை மணி நேரம் அங்கே கிடந்திருப்பாரோ? நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேனே! டாக்டர், "நொடியில போயிருப்பாரும்மா" என்றார். டாக்டர்கள் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்லலாமென்று இரண்டு தடவை வாயெடுத்து, இரண்டு தடவையும் வேறு பேச்சுப் பேசினாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. சுவர் முழுக்க வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டுகள் தொங்கின. மத்தியான நேரத்தில் மான் நடமாடாது. அதனால்தான் ஊர் முழுக்க அடக்கத்துக்கு வந்திருந்தது. மூன்று மணிக்குள் எல்லாரும் காட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பன்றித் தொடைக்கறியும், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும், 'ஆப்பிள் பை' பலகாரமும் மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தன.

பேச்சு எல்டனைப் பற்றித்தான் தொடங்கியது. அடுப்புப் புகை உடுப்பில் ஒட்டினால் மான் மோப்பம் பிடித்துவிடும் என்று ஒரு வருஷம் உடுப்பு முழுவதையும் வெளியே மரத்தில் தொங்கவிட்டு, விடியற்காலையில் முள்ளம்பன்றி அவருடைய பூட்ஸைத் தின்றுவிட்டதை ராஸ்கோ நடித்தே காட்டினார். செருப்போடு போய் எட்டரைக்கே மானோடு திரும்பினார் எல்டன். அது போதாதென்று, செருப்புதான் சத்தம் போடாது என்று அடுத்த பத்து வருஷம் எல்லாருக்கும் புத்தி சொன்னார்.

பேச்சு புத்தியில் வந்து நின்ற இடத்தில், நேடீன் தன் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "வெடி வெச்சப்புறம் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

கேள்வி மேஜையில் விழுந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு கரண்டியைத் தூக்கினார்கள்.

"எங்க பட்டதுன்னு தெரியணும் மொதல்ல" என்றார் ராஸ்கோ. "நுரையீரல்னா பத்து நிமிஷம் போதும். ரத்தம் நுரையா இருக்கும். வயிறுன்னா நாலு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது."

"நாலு மணி நேரத்துல ஓநாய் தின்னுட்டுப் போயிடும்" என்றார் பின்மேஜையிலிருந்து ஒருவர். "ஒரு சிகரெட் நேரம். அவ்ளோதான்."

"நீ சிகரெட்டை விட்டு எட்டு வருஷமாச்சு."

"அதனாலதான் எட்டு வருஷமா மான் இல்லே!"

"நான் காத்திருக்கவே மாட்டேன்" என்றான் டுவெய்ன். "நேரா போய்ப் பாத்துடுவேன்."

"உனக்கென்ன மாப்ளே, நீ சுட்டா மானுக்கு ஆபத்தே இல்லியே. தாராளமாப் போகலாம்."

மேஜைகள் குலுங்கின. டுவெய்னே சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்தினான். துடைக்கத் துணி எடுத்துத் திரும்பிய அவன் கண்ணில்தான் மனைவியின் முகம் பட்டது. அவன் சிரிப்பு நின்றது. பிறகு பக்கத்து ஆளின் சிரிப்பு நின்றது. கடைசியில் ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டிருந்த லியோட்டாவின் கத்தியும் நின்றது.

"ஏன் கேக்கறே நேடீன்?"

"நான் அரை மணி நேரம் உக்காந்திருந்தேம்மா. வெடி கேட்டப்புறம். அவர் அங்கே... நான் காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "கை சூடா இருந்துச்சும்மா."

அரை மணி நேரம் என்பது எல்டனின் சட்டம்; அங்கே இருந்த பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அதை மீறியிருக்கலாமென்று சொன்னாலும் தப்பு, மீறாதது சரி என்று சொன்னாலும் தப்பு.

ஓரின் எழுந்து நின்றார். "கோட்டைப் போட்டுக்கோ பொண்ணே. லியோட்டா, நீயும் வா."

"எங்கே?"

"கஸ் கடைக்கு."

கஸ்ஸின் கறிக்கடை தெருவுக்கு எதிர்ப்புறந்தான். வேட்டைப் பருவம் முழுக்க ஊர் மான்கள் எல்லாம் அவருடைய குளிர் அறையில்தான் தொங்கும். இரண்டு பேரைக் கூப்பிட்டால் கீழ்த்தளம் மொத்தமும் கிளம்பி வந்தது. சிலர் கையில் தட்டோடு வந்தார்கள். கஸ் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். இருபது, இருபத்தைந்து மான்கள் வரிசையாகத் தொங்கின. ஓரின் மூன்றாவது வரிசையில் கடைசி மானிடம் போய் நின்றார்.

"உங்க அப்பாவோடது."

நேடீன் மானின் அருகே போனாள்.

"ஆம்புலன்ஸ்ல நீங்கள்லாம் போனீங்க. நான் இருந்தேன். எல்டன் தவற விடற ஆள் இல்லேன்னு தேடிப் பாத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம், புதருக்குள்ள. பரண்லேர்ந்து அறுபது தப்படி. காதுல சீட்டு கட்டியிருந்துச்சு. இழுத்துட்டு வர்ற கயிறு மட்டும் இல்லே. அதை எடுக்கத்தான் மரத்தடிக்குத் திரும்பி வந்திருக்கான்." ஓரினுக்கு இது இரண்டு வருஷத்துப் பேச்சு. மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தார்: "சாவு வீட்ல மான் கதை எதுக்குன்னு சொல்லாம இருந்துட்டேன்."

"இந்த ஊர்ல சாவு வீட்ல வேற என்ன கதைடா பேசுவோம், மடையா?" என்றார் ராஸ்கோ.

மானின் காதில் மஞ்சள் சீட்டு கட்டியிருந்தது. மானைச் சுட்டவன், அது விழுந்த இடத்திலேயே அதை நிரப்பிக் கட்ட வேண்டும் என்பது அரசாங்க விதி. நேடீன் அதைத் திருப்பினாள். அப்பாவின் கையெழுத்து, பேனாவை அழுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி பெரிசு பெரிசாக எழுதியிருந்தார். பெயர், தேதி. நேரம் என்ற இடத்தில்: காலை 7:38.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு சத்தமாக ஒரு தடவை.

ஏழு ஐந்துக்கு வெடி. ஏழு முப்பத்தெட்டுக்கு அவர் தன் காலால் நடந்து போய், மானருகில் குனிந்து, பேனா எடுத்து எழுதியிருக்கிறார். மரத்தடியில் கிடந்து மகளை எதிர்பார்க்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்தில், அவளைப் போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அவளைப் போலவே காப்பி குடித்துக்கொண்டு, அந்த அரை மணி நேரத்தையும் பரணில் உட்கார்ந்து கழித்திருக்கிறார்.

"நீ அன்னிக்கு முன்னாடியே போயிருந்தா, மானைக் கலைச்சிட்டேன்னு உன்னைத் திட்டியே உயிரை விட்டிருப்பார்" என்றாள் லியோட்டா. மகளைக் கட்டிக்கொண்டாள். இப்போது நேடீன் நன்றாக அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

டுவெய்ன் சீட்டை எட்டிப் பார்த்தான். "கொம்பு முனை, இடது நாலு, வலது நாலு. எட்டு முனை!"

"எட்டா?" ராஸ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கொம்பைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இடது நாலு சரி. வலது... ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழுதானே! செத்துப் போற நேரத்துலயும் ஒண்ணு கூட்டிச் சொல்லியிருக்கான் பாரு, அரசாங்கச் சீட்டுல!"

"இதோ இருக்கே" என்றான் டுவெய்ன். வலக்கொம்பின் அடியில் ஒரு சின்ன முண்டு இருந்தது.

"அது மருடா."

"முனை."

"மரு!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். கஸ் குளிர் அறைக் கதவைத் தட்டினார். "எதுக்குக் கத்தறீங்க? மோதிரம் தொங்கினா அது முனை. தொங்கலேன்னா இல்லே. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் கணக்கு. யார்கிட்ட மோதிரம் இருக்கு?"

நாலைந்து பேர் விரலைத் தடவினார்கள். லியோட்டா அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இடக்கையை கஸ்ஸிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பன்றிக்கொழுப்பு தடவு. நாப்பத்தெட்டு வருஷமா கழட்டினதில்லே, சுலபத்துல வராது."

கஸ் தடவினார். முட்டி வீங்கிய விரலிலிருந்து மோதிரம் முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, மெலிந்து, பள்ளமாக இருந்தது. லியோட்டா நுனிக்காலில் எக்கி, அந்த முண்டின் மேல் மோதிரத்தை வைத்து, மெதுவாக விரலை எடுத்தாள்.

ராஸ்கோ தொப்பியைக் கழற்றினார். மோதிரம் ஒரு பக்கம் சரிந்து, ஒரு தரம் ஆடி, கீழே விழாமல் தொங்கி நின்றது.

"எட்டு" என்றாள் லியோட்டா.

கஸ் துண்டை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். மோதிரத்தை எடுக்க அவசரப்படவில்லை. மூன்று மணிக்குக் காட்டில் இருக்க வேண்டியவர்களும் அசையவில்லை.