பாதத்துக்குக் கீழே இரண்டு வரி

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், தமிழில் அச்சான புத்தகங்களுக்கெல்லாம் ஓர் அட்டவணை செய்யப் புறப்பட்டார் சேலத்து உபகாரசாமி. வீடு வீடாகத் தேடி அதுவரை யாரும் செய்யாத வேலை. ஊர் ஊராகப் போய்க் கால் வீங்கியதுதான் மிச்சம்.

நூலின் பெயர், அச்சுக்கூடம், ஆண்டு எல்லாம் முதல் தாளில்தான் இருக்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தத் தாள்தான் இருப்பதில்லை. சாமி படம் போட்டிருந்தால் வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஜலகண்டாபுரத்தில் கிடைத்த மாட்டு வைத்திய நூலும் அப்படித்தான் மொட்டையாக இருந்தது.

அதே நூலின் முதல் தாள் சேந்தமங்கலத்தில், ராமாயி வீட்டுச் சுவரில் இருந்தது. அவள் மாமனார் ஒட்டியது. மேலே நூலின் பெயர், நடுவில் முருகன். அச்சுக்கூடமும் ஆண்டும் பாதத்துக்குக் கீழே. அங்கேதான் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் வைத்து வைத்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது.

"அந்தச் சந்தனத்தக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா, ரெண்டு வரி படிச்சுக்குவேங்க."

"ஏனுங்க, நாமக்கல்லுல இருந்து நடந்து வந்தது இதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்கம்மா."

"ஊட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா, இல்ல தேடிக்கிட்டு இருக்காங்களா?"

"தேடுறதுக்கு யாரும் இல்லீங்க."

ராமாயி பிறகு கேலி பேசவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க சிலுவ போட்ட வேதக்காரரு. கை வெக்க வேண்டாம், நானே தொடைக்கறேன்."

ஒற்றி ஒற்றி எடுத்தாள். சந்தனம் இளகி, 'சேலம்' என்ற எழுத்து தெரிந்தது. தன் ஊரிலேயே அச்சான நூல். உபகாரசாமி கிட்டே குனிந்தார். அடுத்த ஒற்றலில் தாளும் சேர்ந்து உரிந்தது. முருகனின் கால்விரல் துணியோடு வந்துவிட்டது.

அவள் கை நின்றது.

"இன்னங் கொஞ்சந்தானுங்க. எடுக்கட்டுங்களா?" என்றாள், படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஆண்டு அதற்கு அடியில்தான் இருந்தது. இன்னொரு முதல் தாளைத் தேட இனி அவருக்குக் காலில் தெம்பில்லை.

"போதுங்கம்மா. விட்டுருங்க."

"கோவிச்சுக்காதீங்க சாமி."

"கோவமெல்லாம் இல்லீங்க. செத்த உக்காந்துக்கறேன்."

அவள் மோர் எடுக்க உள்ளே போனாள். அவர் அட்டவணைச் சீட்டை எடுத்து எழுதினார். ஊர், சேலம். அச்சுக்கூடம், தெரியவில்லை. ஆண்டு, தெரியவில்லை. பிரதி இருக்குமிடம், சேந்தமங்கலம் ராமாயி வீட்டுச் சுவர். கொஞ்ச நேரம் கழித்து, 'இனி வருகிறவர்கள் துடைக்கச் சொல்லக் கூடாது' என்று கீழே சேர்த்தார்.